டச்பேட் துள்ளினால் லினக்ஸைத் திட்டாதீர்கள்

செட்டியார்பட்டியில் இருந்து உங்கள் பழைய வாத்தியார். கொஞ்சம் நீளமான பதிவுதான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் ஒரு காரியம் பார்க்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் என்னிடம் படித்த பையன் ஒருவன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். (பையன் என்கிறேன், அவனுக்கு வயது ஐம்பதைத் தொடப் போகிறது.) பிள்ளை கையில் அரசு கொடுத்த லேப்டாப். அவள் அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கியது. பேட்டரி மட்டும் போன வருஷம் புதுசு. விண்டோஸ் நத்தை மாதிரி நகர்கிறது என்று நான்தான் அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"சார், அம்புக்குறி தானா ஓடுது, தானா கிளிக் ஆகுது. நேத்து வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போது தேர்வு மையம் வேற மாவட்டத்துக்கு மாறிப் பதிவாகிருச்சு" என்றான். பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை, அழுது வீங்கி இருந்தது. நல்லவேளை, திருத்த அவகாசம் கொடுத்திருந்தார்கள், சரிசெய்துவிட்டோம். அந்த அவகாசம் இல்லாமல் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

ராஜபாளையத்தில் ஒரு கடையில் காட்டினார்களாம். "லினக்ஸ்னா டச்பேட் இப்படித்தான் ஆடும், விண்டோஸ் போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் என்ன செய்தேன்? அந்தக் கடைக்காரரை விடப் பெரிய தப்பு செய்தேன். என் வீட்டில் வைத்து மின்டை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒரு நாள் போனது. என் மேஜையில் வெண்ணெய் மாதிரி ஓடியது. அவள் வீட்டுக்குக் கொண்டுபோனதும் பழையபடி துள்ளல். மறுபடி கொண்டுவந்தாள், மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை, "உன் கைதான் பதறுது, நிதானமா தொடு பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் சொல்லக் கூடாத வார்த்தை அது. காரணம் தெரியாதபோது பிள்ளை மேல் பழியைப் போடுவது நம் தொழிலின் பழைய வியாதி.

விடையைக் கண்டுபிடித்தது அவள்தான். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "தாத்தா, சாயங்காலம் கரண்ட் போச்சு. கரண்ட் இல்லாத ஒரு மணி நேரமும் டச்பேட் நல்லா ஓடுச்சு. கரண்ட் வந்ததும் திரும்ப ஆடுது."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. பேட்டரியில் சரி, சார்ஜரில் தவறு. என் வீட்டில் சரி, அவள் வீட்டில் தவறு. அப்படியானால் குற்றவாளி லினக்ஸும் இல்லை, அவள் கையும் இல்லை. அவள் வீட்டு பிளக் பாயின்ட்.

ஏன் என்று சொல்கிறேன். டச்பேட் நம் விரலின் அழுத்தத்தை அளப்பதில்லை. அதன் அடியில் மெல்லிய மின்தகடுகள் இருக்கின்றன. விரல் அருகில் வரும்போது மின்தேக்குத் திறனில் உண்டாகும் மிகச் சிறிய மாற்றத்தை அளந்துதான் விரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. இரைச்சலை வடிகட்ட சார்ஜருக்குள்ளே சிறு மின்தேக்கிகள் உண்டு. மூன்று பின் சார்ஜரில் அந்த இரைச்சல் எர்த் கம்பி வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது லேப்டாப்பிலேயே தங்கும். டச்பேட் அதையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். வகுப்பில் ஐம்பது பேர் சத்தம் போடும்போது கடைசி பெஞ்சில் யார் பதில் சொன்னது என்று தெரியாமல் நாம் தப்பான ஆளை எழுப்பிவிடுவோமே, அதே கதை.

எலக்ட்ரீஷியனை வரச் சொன்னோம். போர்டைக் கழற்றினால் எர்த் கம்பி எதிலும் சேராமல் சும்மா தொங்குகிறது. அப்போதுதான் அந்தப் பிள்ளையின் அம்மா சொன்னார்: "ஃபிரிட்ஜைத் தொட்டா லேசா சுருக்குனு இருக்கும் சார். ரெண்டு வருஷமா அப்படித்தான். செருப்புப் போட்டுக்கிட்டுத் திறப்பேன்."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் எர்த் இல்லை என்று ஃபிரிட்ஜ் சொல்லிக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை. கடைசியில் டச்பேட் சொல்லித்தான் கேட்டோம். நாங்கள் விண்டோஸ் போட்டுக் காசைச் செலவழித்துவிட்டு, துள்ளலோடு பழகிப் போயிருந்தால்?

என் கருத்து இதுதான். புரியாத பொருள் மேல் முதல் பழியைப் போடாதீர்கள். "எப்போது நடக்கிறது, எப்போது நடக்கவில்லை" என்று முதலில் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆறாம் வகுப்பு அறிவியலில் நாம் படித்த சோதனை முறை அவ்வளவுதான். டச்பேட் துள்ளினால் நான் இப்போது சொல்லும் வரிசை:

முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சரியானால் சார்ஜரையும் பிளக்கையும் சந்தேகப்படுங்கள். மலிவான டூப்ளிகேட் சார்ஜரும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, லேப்டாப்பை அணைத்து டச்பேடை உலர்ந்த துணியால் துடையுங்கள். நம் ஊர் வியர்வையும் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் டச்பேடுக்கு ஆகாது.

மூன்றாவது, தட்டச்சு செய்யும்போது மட்டும் துள்ளினால் அது உள்ளங்கை படுவதால். மின்டில் மவுஸ், டச்பேட் செட்டிங்கில் போய், தட்டச்சு செய்கையில் டச்பேடை நிறுத்தி வைக்கும் தேர்வைப் போடுங்கள். தட்டினால் கிளிக் ஆவதையும் அங்கேயே நிறுத்தலாம். விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு சாதாரண மவுஸ் செருகிக்கொள்வது இன்னும் நல்லது.

நான்காவது, பென் டிரைவில் மின்டைப் போட்டு, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பாருங்கள். கோளாறு நடக்கும் அதே இடத்தில், அதே பிளக்கில் செய்ய வேண்டும். அதிலும் துள்ளினால் ஏற்கெனவே போட்டிருக்கும் மென்பொருளை அழித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இதை நான் அவள் வீட்டில் செய்திருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

ஐந்தாவது, அப்டேட் போட்ட மறுநாளில் இருந்து துள்ளினால் லினக்ஸ் மேலேயே சந்தேகம் வரலாம், நியாயம்தான். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்காகவே சோதித்து அனுப்புகிறார்கள், அதனால் சில மாடல்களில் தகராறு உண்டு. தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: டச்பேட் மேலே உப்பி வந்திருந்தால், அல்லது அழுத்தினால் கிளிக் ஆகாமல் இறுகி இருந்தால், உடனே நிறுத்துங்கள். இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் பேட்டரி அதன் அடியில்தான் இருக்கிறது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

லினக்ஸுக்காக ஒரு வார்த்தை. அதில் டச்பேடைக் கவனிக்கும் லிப்இன்புட் என்ற நிரலுக்குள், எந்த மாடலுக்கு என்ன கோணல் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. உலகத்தில் எங்கோ ஒருவர் "என் லேப்டாப்பில் இப்படி ஆகிறது" என்று பொறுமையாக எழுதிச் சொன்னதால் சேர்ந்த வரிகள் அவை. ஒருவர் பட்ட பாடு அடுத்தவருக்கு மருந்தாகிறது. எனக்கு அது ஒரு நல்ல வகுப்பறை மாதிரி தோன்றுகிறது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம், அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷமாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். நம்மிடமும் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதைத் திறந்து பார்க்க நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் பழைய லேப்டாப்பைப் பரணில் போடவோ பழைய இரும்புக்குக் கொடுக்கவோ அவசரப்படாதீர்கள். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே வீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் படிக்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு அது போதும்.

இப்போது கடைசிக் காரியம். இன்றைக்கே உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்களில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துப் பயன்படுத்தாதீர்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடுங்கள். கரண்ட் கசிந்தால் அதுவே நிறுத்திவிடும். ஃபிரிட்ஜோ கிரைண்டரோ சுருக்கென்றால் "பழகிருச்சு" என்று சொல்லாதீர்கள்.

அந்தப் பிள்ளையிடம் "உன் கை பதறவில்லை, என் புத்திதான் பதறியது" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சிரித்தாள். தேர்வுக்கு நன்றாகப் படிக்கிறாள்.

பார்த்துவிட்டு, எர்த் இருந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். வருகைப் பதிவு எடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்