ஆயிரம் ரூபாய் உபகாரம்

பென்ஷன் என்பதற்கு நம் முன்னோர் உபகாரச் சம்பளம் என்று பெயர் வைத்தார்கள். யார் யாருக்குச் செய்யும் உபகாரம் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒருவன் முப்பது வருஷம் உழைத்துச் சம்பாதித்ததில் ஒரு பகுதியை அவன் கையில் கொடாமல் நிறுத்திவைத்து, அவன் தளர்ந்த பிறகு திருப்பிக் கொடுப்பது உபகாரமாகாது. பென்ஷன் என்பது எஜமானரின் தயவைப் பொறுத்த கொடை அன்று, செய்த ஊழியத்தால் உண்டான பாத்தியதை என்று 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அது சர்க்கார் உத்தியோகஸ்தர்களைப் பற்றிய வழக்கு. ஆலைகளிலும் பட்டறைகளிலும் தனியார் கம்பெனிகளிலும் ஊழியம் செய்யும் கோடிக்கணக்கான மக்களுக்கு அந்தப் பாத்தியதை எத்தனை ரூபாய் பெறும் என்பதே இன்று நாம் கவனிக்க விரும்பும் விஷயம்.

1995 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில், குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். பத்து வருஷம் கழிந்து 2024ஆம் வருஷத்திலும் அது அதே 1,000 ரூபாயாகவே இருந்தது. தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்குச் சர்க்கார் அளிக்கும் உதவித்தொகையோ 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அநாதரவாக நிற்கும் கிழவருக்குக் கொடுப்பது அதிகம் என்று நாம் சொல்ல வரவில்லை, அதுவே போதாது. ஆயினும் வருஷக்கணக்காகத் தன் பெயரில் சந்தா செலுத்தப்பட்ட ஒரு தொழிலாளி அதைவிடக் குறைவாக வாங்கும்படி நேர்ந்தால், அந்தத் திட்டத்தை ஒரு திட்டம் என்று எப்படி அழைப்பது?

கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் வாங்குபவரிடம் 100க்கு 12 வீதம், அதாவது 1,800 ரூபாய், சேமநிதிக்குப் பிடிக்கிறார்கள். முதலாளியும் 1,800 ரூபாய் கட்டுகிறார். அந்த 1,800இல் 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போய்விட, மீதி 550 ரூபாய்தான் தொழிலாளியின் சேமநிதியில் சேருகிறது. பென்ஷனைக் கணக்கிடும் முறை இது: கடைசி அறுபது மாதச் சம்பளத்தின் சராசரியை ஊழிய வருஷங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சராசரிச் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் 15,000க்கு மேல் கணக்கில் வராது என்பது 2014இல் வைத்த வரம்பு. அந்த வரம்பின்படி 33 வருஷம் இடைவிடாமல் உழைத்தவருக்கு, சலுகையாக 2 வருஷம் கூட்டி 35 என்று வைத்துக்கொண்டாலும், கிடைப்பது மாதம் 7,500 ரூபாய். விலைவாசி ஏற ஏறப் பஞ்சப்படி கொடுக்கும் ஏற்பாடு இந்தப் பென்ஷனில் கிடையாது. 58 வயதில் 7,500 வாங்கியவர் 78 வயதிலும் அதே 7,500ஐத்தான் வாங்குவார். அப்போது அரிசி என்ன விலை விற்குமோ! போதாக்குறைக்கு, 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்து அந்த வரம்புக்கு மேல் சம்பளம் பெற்றவர்களுக்குப் பென்ஷன் திட்டத்திலேயே இடமில்லை என்றும் செய்துவிட்டார்கள். அவர்களுக்குச் சேமநிதி ஒன்றுதான் கதி.

சரி, சேமநிதியாவது கைகொடுக்குமா? மாதம் 2,350 ரூபாய் வீதம் முப்பது வருஷம் சேர்ந்து, 100க்கு 8 வீதம் வட்டியும் கிடைத்தால் கடைசியில் ஏறக்குறைய 33 லட்சம் ரூபாய் ஆகும். கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் விலைவாசி வருஷத்துக்கு 100க்கு 6 வீதம் ஏறினால், அன்றைய 33 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஆறு லட்சத்துக்கும் குறைவுதான். ஒரு தம்பதி இருபது வருஷம் ஜீவனம் நடத்த இது எப்படிக் காணும் என்று நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

சட்டம் விதித்த இந்தச் சொற்பத்தையும் குறைப்பதற்கு வழி தேடுகிற முதலாளிமார் இருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி, மீதியை வீட்டு வாடகைப் படி என்றும், போக்குவரத்துப் படி என்றும், இன்ன படி என்று பெயரே சொல்ல முடியாத படி என்றும் பிரித்து எழுதுவது நெடுநாள் வழக்கம். எல்லோருக்கும் ஒரே மாதிரியாகக் கொடுத்துவரும் படிகளைச் சேமநிதிக் கணக்கிலிருந்து ஒதுக்கக் கூடாதென்று 2019 பிப்ரவரி 28ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்ட படிகளைச் சம்பளமாகவே கருத வேண்டும் என்கின்றன. சட்டம் நம் பக்கம் நிற்கிறது. அதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்தாம் குறைவு. இன்னும் ஒரு படி கீழே போய், தொழிலாளியிடம் பிடித்த பணத்தையே நிதியில் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. அது வெறும் பாக்கி அன்று. நம்பிக்கை மோசடி என்ற கிரிமினல் குற்றம். மாதாமாதம் பணம் விழுந்ததா என்பதை இப்போது கைபேசியிலேயே பார்க்கலாம். பார்க்காதவரை நாம் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி, தொழிற்சங்கத் தோழர்கள் எழுப்பும் ஓர் ஆக்ஷேபணைக்கு வருவோம். "திட்டம் மோசமானால் திட்டத்தைத் திருத்தப் போராடுவோம். உன் பணத்தை நீயே சேர்த்துக்கொள் என்று உபதேசம் செய்வது முதலாளியையும் சர்க்காரையும் தப்பவிடுவதாகாதா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 15,000 ரூபாயில் நாலு பேரைக் காப்பாற்றுகிறவனிடம் போய்ச் சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்பவரை நாமும் வெறுக்கிறோம். ஆனால் 2014இல் வைத்த வரம்பு பத்து வருஷம் அசையவில்லை என்பதையும் நாம் கண்டோம். அந்தப் பத்து வருஷமும் நமது வயது நின்று காத்திருக்கவில்லை. போராட்டம் வெற்றி பெறும் நாளில் போராடியவருக்கு அறுபது வயதாகியிருந்தால் அவருக்கு என்ன லாபம்? சற்றேனும் மிச்சம் பிடிக்கக்கூடிய சம்பளம் உள்ளவர்கள், போராட்டத்தோடு கூடவே, தங்கள் கையையும் பலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். சேமிப்பு உள்ளவன் வேலைநிறுத்தத்தின்போதும் நிமிர்ந்து நிற்பான் என்பது சங்கத்தாருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. தொழிலாளி தன் பங்காக 12 வீதத்துக்கு மேலும் விருப்பச் சந்தா செலுத்தச் சேமநிதித் திட்டமே இடம் கொடுக்கிறது. முதலாளி தம் பங்கை உயர்த்தக் கடமைப்பட்டவரல்லர்; ஆனால் அந்தக் கூடுதல் சந்தாவுக்கும் அதே வட்டி உண்டு. 2023-24, 2024-25 ஆகிய இரண்டு வருஷங்களிலும் அது 8.25 வீதமாக இருந்தது. 28 வயதில் தொடங்கி மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி வருபவருக்கு, 8 வீத வட்டியில், 58 வயதில் 42 லட்சம் சேரும். இதையே 40 வயதில் தொடங்குபவருக்கு 14 லட்சம்தான். பன்னிரண்டு வருஷத் தாமதம் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகிறது. இருபது பேருக்குக் குறைவான ஆட்களை வைத்து நடத்தும் கடைகளில் வேலை செய்பவருக்குச் சேமநிதிச் சட்டத்தின் கட்டாயப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் தபாலாபீஸில் 1968ஆம் வருஷம் முதல் உள்ள பொதுச் சேமநிதிக் கணக்கைத் தொடங்கலாம். வருஷத்துக்கு 500 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும். பதினைந்து வருஷத் தவணை. கோர்ட்டு டிக்ரி பெற்ற கடன்காரனும் அதை ஜப்தி செய்ய முடியாது. வக்கீலாக இருந்து ஜப்திகளைப் பார்த்த நமக்கு அந்த ஒரு ஷரத்தின் அருமை தெரியும். வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே இன்ஷூரன்ஸ் பாலிஸியை ஓய்வுகாலச் சேமிப்பு என்று விற்றுப் போகிற உறவினர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சேர்ப்பதைக் காட்டிலும் கஷ்டமானது கலைக்காமல் இருப்பது. சில மாதங்களுக்கு முன் ஒரு கணக்கர் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். 31 வருஷம் ஊழியம் செய்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். நாலு கம்பெனிகளில் வேலை. ஒவ்வொன்றிலிருந்து விலகியபோதும் சேமநிதியையும் பென்ஷன் பணத்தையும் வாங்கிக்கொண்டார்: ஒரு தடவை தங்கையின் கலியாணம், ஒரு தடவை தகப்பனாரின் வைத்தியச் செலவு, ஒரு தடவை வீட்டுக்கு முன்பணம். எதையும் வீண் செலவு என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் பணத்தை எடுத்ததும் அதுவரை பார்த்த ஊழியமும் கணக்கிலிருந்து அழிந்துபோகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மாதப் பென்ஷனுக்குப் பத்து வருஷ ஊழியம் வேண்டும். கடைசிக் கம்பெனியில் அவருக்கு ஒன்பதே வருஷம். வேலை மாறும்போது பணத்தை எடுக்காமல் ஊழியத்தைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால் 31 வருஷமும் நின்றிருக்கும். சட்டப்படி அவருக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று.

ஆகவே சர்க்காரிடம் கேட்க வேண்டியதைச் சர்க்காரிடம் கேட்போம்: சம்பள வரம்பும் குறைந்தபட்சப் பென்ஷனும் எந்த மந்திரியின் மனம் இரங்கும் வரையிலும் காத்திராமல், விலைவாசிப் புள்ளியோடு தாமாகவே உயரும்படி சட்டத்தில் எழுதப்பட வேண்டும். முதலாளிமாரிடம் கேட்க வேண்டியது வேறு. வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கும் 12 வீதம் கட்டச் சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. சில நிர்வாகங்கள் அப்படிக் கட்டியும் வருகின்றன. அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்காரும் சங்கக் காரியதரிசிகள், போனஸைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் இந்த 12 வீதம் எந்தத் தொகையின்மீது கட்டப்படுகிறது என்ற கேள்வியை மேஜைமேல் வைக்கட்டும். வேலை மாறிப் போகிறவர்களின் ஊழியக் கணக்கை மாற்றிக் கொடுக்கும் பொறுப்பைச் சங்க ஆபீஸில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.