நின்று கொட்டும் தண்ணீர்



நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் தரையோடு தவழ்வதுதான். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம், நடுவே கரும்புக்குப் பாயும் வாய்க்கால். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையைத் திறந்தபோது அந்தப் பெண்ணையே கரை மீறி வந்ததைப் பார்த்தோம். அன்றிலிருந்து என் பேத்திக்கு ஆறு என்றாலே நடுக்கம். அவளுக்குத் தண்ணீரோடு மறுபடி சிநேகம் பிடிக்க வேண்டும் என்றுதான் போன மார்கழியில் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனேன்.

பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம். கோமுகி அணை தாண்டினால் மலைப்பாதை. வெள்ளிமலை போகும் வழியில் இருக்கிறது பெரியார் நீர்வீழ்ச்சி. முதலில் சத்தம்தான் வந்தது. மரங்கள் விலகியதும், "ஆயா, தண்ணி நிக்குது!" என்றாள்.

அருவி விழும் இடத்தில் பாறையே தொட்டியாகக் குழிந்திருந்தது. யாரும் வெட்டியதல்ல. வெள்ளம் உருட்டி வரும் கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கருங்கல்லைக் குடைந்தால் இப்படிக் குழி விழும். ஓரத்தில் முழங்காலளவு இருக்கும் தண்ணீர், அருவிக்கு அடியில் எவ்வளவு ஆழமென்று மேலிருந்து தெரியாது. அதனால் கரையோரமே உட்கார்ந்தோம். முதலில் கால் விரலை நனைத்தாள். அரை மணி நேரத்தில் என் முதுகில் தண்ணீரை வாரி இறைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கரையில் ஷாம்பு பாக்கெட்டுகளும் உடைந்த பாட்டில் கண்ணாடியும் கிடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. வெறுங்காலோடு குழந்தைகள் இறங்கும் இடம் அது. இந்த மலையில் பிறக்கும் மணிமுத்தாறுதான் விருத்தாசலம் கோயிலை ஒட்டி ஓடி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. மலையில் போடுவது நம் மாவட்டத்துக்குத்தான் வந்து சேரும்.

ஐப்பசி மழை பிடித்தபின், பொங்கலுக்குள் போய் வாருங்கள். மேலே மழை கொட்டினால் அருவி சட்டென்று பெருகும். தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள். குப்பைக்கு ஒரு பை எடுத்துப் போங்கள். வீட்டுக் குழந்தைகள் அருவியைப் பார்த்ததும் முதலில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்