சிலந்தியும் உழவன் வளர்க்கும் உயிரே

வீரபாண்டியில் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு முதல் போகத்து நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். பெரியாறு அணையில் நீர் போதிய அளவு இருந்தால் ஜூன் 1ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த நீரை நம்பியிருக்கிறது. நட்ட பதினைந்தாம் நாள் இலையில் ஒரு வெள்ளைக் கோடு கண்டதும் தெளிப்பானைத் தூக்குவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. இதனால் பணம் போவது ஒருபுறம். கூலி கேட்காமல் பூச்சி பிடிக்கும் சிலந்தியும் வயலிலிருந்து போய்விடுகிறது.

மேலை நாடுகளில் டாரன்டுலா என்னும் பெரிய சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் செல்லமாக வளர்ப்பவர்கள் உண்டு. ஒளிந்துகொள்ள இடம், அளவான ஈரம், இரை, தொந்தரவு இல்லாமை ஆகிய நான்கையும் அவர்கள் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கிறார்கள். பூச்சிமருந்தை அதன் அருகில் கொண்டுபோக மாட்டார்கள். இத்தாலியின் டாரன்டோ நகரால் வந்த இப்பெயரை முதலில் பெற்றது ஓநாய்ச் சிலந்தி ஒன்றுதான். அதே குடும்பத்துச் சிலந்தி நம் நெல் வயலிலும் இருக்கிறது. அதைப் பெட்டியில் அடைக்க வேண்டாம். அதே நான்கு வசதிகளை வயலில் செய்து கொடுத்தால் போதும்.

முதுகில் கவைபோன்ற குறியுள்ள இந்தச் சிலந்தி வலை பின்னாது. தூரடியில் ஓடித் திரிந்து, ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடித்துத் தின்னும். பெண் சிலந்தி மூன்று நான்கு மாதம் வாழ்ந்து 200 முதல் 400 முட்டைகள் இடும். பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமந்து திரியும். புகையான் கூடும் இடமும் அதே தூரடிதான்.

சிலந்தியின் மதிப்பை ஒரு கணக்கில் காணலாம். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. இருபது தூர் உள்ள குத்தில் இருபது பூச்சி என்ற வரம்பு நாற்பதாக உயர்கிறது. பல நேரங்களில் ஒரு தெளிப்பே மிச்சமாகும்.

செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தெளித்தால் நடப்பது நேர்மாறு. சிலந்தி மடிகிறது, இலை உறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்புகிறது. பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. மருந்து அடித்த வயலிலேயே புகையான் பெருகுவது இதனால்தான். இந்தோனேசியா இதைப் பட்டறிந்து 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. அதனால் அங்கே நெல் உற்பத்தி விழுந்துவிடவில்லை.

சிலந்திக்குச் செய்ய வேண்டியவை எளியவை. வரப்புப் புல்லை ஒரே நாளில் முழுவதும் செதுக்கித் தீ வைக்கக் கூடாது. முதல் போகம் அறுத்து அடுத்த நடவு வரும்வரை சிலந்திக்கு வரப்புதான் வீடு. உழவின்போது வரப்போரம் சிறு வைக்கோல் கட்டுகளைப் போட்டு வைத்தால் அதில் ஒதுங்கும். வரப்பில் தட்டைப்பயறோ உளுந்தோ ஊன்றலாம். நடவில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டால் காற்றும் வெளிச்சமும் தூரடிக்கு எட்டும். புகையானுக்கு அது பிடிக்காது. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். நட்ட முதல் முப்பது நாள் இலை தின்னும் பூச்சிக்காக மருந்து அடிக்க அவசரம் வேண்டாம். இளம்பயிர் அந்தச் சேதத்தைப் பெரும்பாலும் தானே ஈடுகட்டிவிடும்.

சிலந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருப்பதும் தவறு. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, குத்தை விலக்கித் தூரடியைப் பார்க்க வேண்டும். பூச்சி வரம்பைத் தாண்டினால் தண்ணீரை வடித்துவிட்டு, பரிந்துரைத்த மருந்தைத் தூரடியில் படும்படி அடிக்கத்தான் வேண்டும். மருந்துக் கடைக்காரர் வயலைப் பார்த்தவர் அல்லர். என்ன அடிக்கலாம் என்று அவரிடம் கேட்பதற்கு முன் எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்ற கணக்கு உழவர் கையில் இருக்க வேண்டும்.

பக்கத்து வயலில் அடிக்கிறார்களே, நாம் மட்டும் சும்மா இருப்பதா என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே ஒரே மடையில் பாயும் உழவர்கள் நடவுக்கு முன் கலந்து பேசி முடிவெடுப்பது நல்லது. அதுவும் முடியாதவர்கள் வரும் போகத்தில் கால் ஏக்கரை மட்டும் முதல் முப்பது நாள் மருந்தில்லாமல் விட்டு, அறுவடையில் செலவையும் மூட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.