கொலம்பியா தன் தவறைத் திருத்த வேண்டும்

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் 2025 ஜூலை 22 அன்று 70க்கும் மேற்பட்ட மாணவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. சிலர் அடியோடு நீக்கப்பட்டனர், பலர் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இடைநீக்கம் செய்யப்பட்டனர். காசா போரை எதிர்த்து பட்லர் நூலகத்திலும் அதற்கு முந்தைய ஆண்டு வளாகப் புல்வெளியிலும் அமர்ந்து போராடியதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. மறுநாளே, டிரம்ப் அரசுக்கு 20 கோடி டாலர் செலுத்தும் உடன்பாட்டை நிர்வாகம் அறிவித்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப எங்களால் இயலவில்லை. அரசு நிறுத்திவைத்த ஆராய்ச்சி நிதிக்காக மாணவர்களின் படிப்பைப் பலிகொடுத்த இச்செயலை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இந்த நிர்வாகத்துக்கு வரலாறு தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1968இல் ஹார்லெம் மக்களின் பொதுப் பூங்காவில் உடற்பயிற்சிக் கூடம் கட்டி, அந்தக் கறுப்பின மக்களுக்குக் கீழ்ப்புறத்தில் தனி வாசல் வைக்கப் பார்த்தது கொலம்பியா. வியட்நாம் போருக்கான ஆயுத ஆராய்ச்சி அமைப்புடனும் உறவு வைத்திருந்தது. மாணவர்கள் ஐந்து கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். ஏப்ரல் 30 அதிகாலை போலீஸ் புகுந்து சுமார் 700 பேரைக் கைது செய்தது. பிறகு நடந்தது என்ன? கூடம் கைவிடப்பட்டது, அந்த உறவு அறுந்தது, தலைவர் கிரேசன் கர்க் பதவி விலகினார். 1985இல் தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்து மாணவர்கள் ஹாமில்டன் ஹாலின் வாசலைச் சங்கிலியால் பூட்டி மூன்று வாரம் அமர்ந்தார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தொடர்புள்ள முதலீடுகளை விற்க அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள். இரண்டு முறையும் நியாயம் மாணவர் பக்கம் இருந்தது.

1968இன் காயத்திலிருந்து பிறந்ததுதான் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தமரும் செனட். போலீசை அழைக்குமுன் அதன் நிர்வாகக் குழுவைக் கலந்து பேச வேண்டும் என்பது விதி. 2024 ஏப்ரலில் அக்குழு சம்மதிக்கவில்லை. அதன் பிறகும் அப்போதைய தலைவர் மினூஷ் ஷஃபீக், காசா போரை எதிர்த்துப் போராடிய மாணவர்களை அகற்றப் போலீசை வரவழைத்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 40 கோடி டாலர் நிதியை அரசு வெட்டியதும், 2025 மார்ச்சில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவையே செனட்டிடமிருந்து பிடுங்கி நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். தண்டனை விதிக்கும் அவையில் மாணவருக்கு இனி இடமில்லை. புகார் சொல்பவரும் தீர்ப்பெழுதுபவரும் ஒருவரே என்றால் அதை விசாரணை என்று எப்படி ஏற்பது?

யூத மாணவர்கள் அச்சுறுத்தப்பட்டதாக எழுந்த புகார்கள் கடுமையானவை. அவற்றை ஒவ்வொன்றாக விசாரித்துத் தவறு செய்தவரைத் தண்டிக்க வேண்டியதுதான். அந்தப் புகார்களைக் காட்டி, போருக்கு எதிராக அமர்ந்த ஒரு கூட்டத்தையே ஒட்டுமொத்தமாகத் தண்டிப்பது நீதியல்ல.

இது அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற பல்கலைக்கழகம். 1952இல் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கிப் பெருமை தேடிக்கொண்டது. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளும் உரிமை இன்றைய நிர்வாகத்துக்கு இருக்கிறதா என்று கேட்கிறோம்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவை உடனே செனட்டிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். வன்முறையில் ஈடுபடாத மாணவர்கள் மீதான நீக்கத்தையும் இடைநீக்கத்தையும் ரத்து செய்து, அவர்கள் படிப்பை முடிக்க வழிவிட வேண்டும். செனட்டின் ஒப்புதலின்றி இனி ஒரு போலீஸ்காரரும் வளாகத்துக்குள் நுழையக் கூடாது. அறங்காவலர் குழு இதை எழுத்தில் அறிவிக்கட்டும்.