யந்திரக் கண்ணும் தீர விசாரித்தலும்

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். மனிதக் கண்ணுக்குக் கூறிய இவ்வெச்சரிக்கை இன்று யந்திரக் கண்ணுக்கும் பொருந்துவதாயிற்று.

கடைந்தும் செதுக்கியும் எடுத்த உலோகப் பாகங்களின் பரப்புச் சமதளமா என்பதைக் கமெராவும் கணினியும் சேர்ந்து நொடிப்பொழுதிற் கூறும் முறை உலகத் தொழிற்சாலைகளிற் பரவிவிட்டது. இதனை எங்கோ நிகழும் அதிசயமென நாம் ஒதுக்கலாகாது. சமதளத்தின் அருமையைப் புத்தளக் கரையோரம் நன்கறியும். உப்பளப் பாத்தியின் தளம் சமமில்லையேல் உவர்நீர் ஓரிடத்தில் ஆழ்ந்து நிற்கும். மற்றோரிடத்தில் முன்னரே காய்ந்துவிடும். மீன்பிடி வள்ளத்தின் எஞ்சின் அளவுமீறிச் சூடேறினால் அதன் சிலிண்டர் தலை கோணிவிடும். காஸ்கெற் இடைவெளியை அடைக்கமாட்டாது. எஞ்சின் நடுக்கடலில் நின்றால் தொழிலாளியின் உயிருக்கே மோசம். 2011இல் முதற்பிரிவு இயங்கத் தொடங்கி, மூன்று பிரிவுகளால் 900 மெகாவாற்று ஆற்றல் பெற்ற நுரைச்சோலை அனல்மின் நிலையத்திலும், நீராவிச் சுழலியின் உறைப்பாதிகள் சேரும் முகங்கள் சமமாகப் பொருந்தாவிடின் நீராவி கசியாதிருக்குமோ?

இனி, கமெரா காண்பது யாது? மேலிருந்து நோக்கும் தனிக் கமெரா ஒளியையும் நிழலையுமே காணும், உயரத்தைக் காணாது. பளபளப்பை மேடென்றும் எண்ணெய்க் கறையைப் பள்ளமென்றும் அது மயங்கக்கூடும். ஆதலால் இலேசர்க் கோடொன்றைச் சாய்வாக வீழ்த்தி, அக்கோடு வளையும் அளவைக்கொண்டு உயரத்தைக் கணிப்பர். அதற்கும், சமமென முன்னரே உறுதிசெய்த தட்டொன்றைக் காட்டிக் கருவியைச் சீராக்கல் வேண்டும். அத்தட்டுச் சமமென்று கண்டது எங்ஙனம்?

விடை பழையது. இரு தட்டுகளை மட்டும் ஒப்பிட்டால், ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் பொருந்தி நம்மை ஏமாற்றலாம். மூன்று தட்டுகளை மாற்றியும் திருப்பியும் ஒப்பிட்டு, மேடுகளைச் சுரண்டி வந்தால், மூன்றும் சமமானாலன்றி எல்லாச் சோடிகளும் பொருந்தா. ஆங்கிலப் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த் 1840இல் கிளாஸ்கோவில் அறிஞர் அவைமுன் தட்டுகளைச் சுரண்டிச் சமமாக்கும் இக்கலையை விளக்கினார்.

ஒளிவழியும் உண்டு. செம்மையான சமதளக் கண்ணாடியை மெருகிட்ட பாகத்தின்மேல் வைத்துச் சோடிய விளக்கின் மஞ்சளொளியில் நோக்கினால், இடைப்பட்ட காற்றுப்படையின் தடிப்புக்கேற்பக் கருவரிகள் தோன்றும். அவை நேராகவும் சம இடைவெளியிலும் அமைந்தாற் பரப்புச் சமம். ஓர் இடைவெளியளவு வளைந்தால் ஏறக்குறைய 0.0003 மில்லிமீற்றர் பிழையென அறியலாம்.

யந்திரக் கண்ணை இகழ்வது என் நோக்கமன்று. ஆயிரம் பாகங்களைச் சோர்வின்றி ஆராய அதுவே தக்கது. ஆனால், திரையில் தோன்றும் எண்ணை வேதவாக்காகக் கொள்பவர் பொத்தானை அழுத்தும் ஏவலராகவே நிற்பர். அவ்வெண்ணை வினாவ வல்லவரே பொறியியலாளராவர். நம் மாணவர் இவ்விரு வரிசைகளில் எதனிற் சேர்வர் என்பது நாம் அளிக்கும் பயிற்சியிலேயே தங்கியுள்ளது.

ஆகவே, விழாக் காலத்தில் வளைவும் மண்டபமும் எழுப்ப முன்வரும் பழைய மாணவப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிப் பௌதிகவியல் ஆய்வுகூடத்திற்குச் சமதளக் கண்ணாடி, சோடிய விளக்கு, நேர்விளிம்புச் சட்டம், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் ஆகியவற்றையும் வழங்குக. கோணிய எஞ்சின் தலையொன்றை மேசைமேல் வைத்து மாணவர் தாமே அளக்கட்டும். பின்னரே கமெராவின் கணிப்போடு ஒப்பிடட்டும். தீர விசாரிக்கும் பழக்கம் அங்கே வேரூன்றும்.