பாட்டி ஏன் ரசம் சோறு மட்டும் கேட்கிறார்? வாய் வறட்சி பற்றித் தெரிந்துகொள்வோம்

"சப்பாத்தி வேணாம்மா. ரசம் ஊத்திக் கொஞ்சம் சோறு போதும்."

வீட்டில் வயதானவர் இருந்தால் இது உங்களுக்குப் பழகிய வசனமாக இருக்கும். பசியில்லை, பிடிவாதம், வயசாயிடுச்சு என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். சில நேரங்களில் காரணம் வேறு. சப்பாத்தியை மென்று விழுங்க அவர் வாயில் போதிய உமிழ்நீர் இல்லை.

2030க்குள் சிங்கப்பூரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகப் பிரச்சினை என ஒன்றுக்கு மேற்பட்ட நோயோடு வாழும் மூத்தோரிடம் வாய் வறட்சி பரவலாகக் காணப்படுகிறது. ஆனால் பலர் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. "இதெல்லாம் ஒரு நோயா?" என்று விட்டுவிடுகிறார்கள்.

வயசானாலே வாய் வறண்டுடுமா?

அப்படிச் சொல்ல முடியாது. வயதாகும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஓரளவு மாறுகின்றன. இருந்தாலும் பெரும்பாலும் காரணமாக இருப்பவை மருந்துகளும் நோய்களும்தான்.

உமிழ்நீரைச் சுரக்கச் சொல்லி நரம்புகள் சுரப்பிகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. சில மருந்துகள் அந்தச் செய்தியைத் தடுத்துவிடும். ஒவ்வாமை, சளி மாத்திரைகள் சில, அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் அந்த வகையில் அடங்கும். உடலிலிருந்து நீரை வெளியேற்றும் மாத்திரைகளும் வறட்சியைக் கூட்டலாம்.

ஒரு மாத்திரை லேசாகப் பாதிக்கலாம். ஐந்தாறு மாத்திரைகள் சேரும்போது பாதிப்பும் சேர்ந்துகொள்ளும். கடையில் தாமாகவே வாங்கிய சளி மாத்திரையும் அந்தக் கணக்கில் வரும்.

நோய்களும் காரணமாகலாம். ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அடிக்கடி சிறுநீர் போகும், உடலில் நீர் குறையும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சுரப்பிகளே பாதிக்கப்படலாம். ஷோக்ரன் எனும் நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சுரப்பிகளையே தாக்குகிறது.

இது ஏன் முக்கியம்?

நம் வாயில் ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது உணவை நனைக்கிறது, அமிலத்தைக் குறைக்கிறது, பல்லுக்குக் கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கிறது, கிருமிகளைக் கட்டுப்படுத்துகிறது.

அது குறைந்தால் பற்கள் வேகமாகச் சொத்தையாகும், குறிப்பாக ஈறு விலகி வேர் தெரியும் இடங்களில். வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம். பல்செட் சரியாகப் பொருந்தாமல் உறுத்தும். மாத்திரை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். சாப்பாடு குறையும், எடை குறையும். பேசவே சிரமப்பட்டு, சிலர் வெளியே போவதையும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, தண்ணி குடிச்சா போதாதா?

எல்லாருக்கும் அந்த வழி இல்லை. ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள் பலரும், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் சிலரும் ஒரு நாளில் இவ்வளவுதான் குடிக்கலாம் என்ற கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள். அதிகம் குடித்தால் உடலில் நீர் தேங்கும், மூச்சுத் திணறும். சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியக் காரணம் நீரிழிவு. சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம். அதனால் இது நம் வீடுகளுக்கு நெருக்கமான விஷயம்.

அவர்களுக்கு ஒரு சிறு ஐஸ் துண்டு உதவும். மெதுவாகக் கரையும், நீரும் குறைவு. ஆனால் அதையும் அன்றைய அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும்.

வேறு என்ன செய்யலாம்?

* கட்டுப்பாடு இல்லாதவர்கள் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு மிடறு குடிக்கலாம்.
* சர்க்கரை இல்லாத சூயிங்கம் உமிழ்நீரைத் தூண்டும். இங்கே 1992இல் சூயிங்கம் தடை செய்யப்பட்டது. 2004ஆம் ஆண்டிலிருந்து பல் நலத்துக்கான சில வகைகளை மருந்தாளர், பல் மருத்துவர் மூலம் வாங்கலாம். பக்கவாதம், மறதி நோய் போன்றவற்றால் விழுங்கச் சிரமப்படுவோருக்கு இது ஏற்றதல்ல.
* வாயை ஈரமாக வைக்கும் ஜெல், ஸ்ப்ரே மருந்துக்கடையில் கிடைக்கும். படுக்கப்போகும் முன் ஜெல் தடவுவது சிலருக்கு ஆறுதல் தரும்.
* ஃபுளோரைடு உள்ள பற்பசை அவசியம். ஃபுளோரைடு கூடுதலாக உள்ள பற்பசை தேவையா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.
* இரவில் பல்செட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

எதைத் தவிர்க்கலாம்? கல்கண்டு, இனிப்பு மிட்டாய் வாயில் போட்டுக்கொண்டால் அப்போதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் உமிழ்நீர் இல்லாத வாயில் சர்க்கரை பல்லை அரிக்கும். அசாம் போய் புளிக்கும், உமிழ்நீரும் ஊறும். ஆனால் அதில் உப்பு அதிகம், சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது. எலுமிச்சையின் அமிலமும் பல்லைக் கரைக்கும். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பான், புகை, மது மூன்றும் வறட்சியைக் கூட்டும். தேநீர் வேண்டுமென்றால் தே ஓ கோசோங் நல்லது.

ஜெல், ஸ்ப்ரே உண்மையிலேயே வேலை செய்யுதா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011இல் 36 ஆய்வுகளை அலசியது. வாயில் பூசும், தெளிக்கும் எந்தப் பொருளும் உறுதியாகப் பலன் தருகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்காக அவை பயனற்றவை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒருவருக்குச் சரிப்படுவது இன்னொருவருக்குச் சரிப்படாது. விலை கூடியதை மொத்தமாக வாங்காமல், சிறிய அளவில் முயன்று பார்க்கலாம்.

சுரப்பி இன்னும் ஓரளவு வேலை செய்தால் பைலோகார்பின் போன்ற மாத்திரையை மருத்துவர் தரலாம். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவோ சில வகைக் கண் அழுத்த நோயோ இருந்தால் அது பொருந்தாது.

அப்போ முதல்ல எங்க போகணும்?

பல மூத்தோருக்குப் பலதுறை மருந்தகத்தில் ஒரு மருத்துவர், மருத்துவமனையில் இருதய நிபுணர், பல்லுக்கு வேறொருவர். ஒவ்வொருவரும் தம் பகுதியைப் பார்க்கிறார்கள். எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின் நோக்கம் ஒருவருக்கு ஒரு குடும்ப மருத்துவர் என்பதே. அவரிடம் கேட்கச் சரியான கேள்வி இது.

மாத்திரைகள் அனைத்தையும், கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "இதில் எது வாயை உலர்த்துது? குறைக்கவோ மாற்றவோ முடியுமா?" என்று கேளுங்கள். வாயை உலர்த்தும் அதே வகை மருந்துகளில் சில மலச்சிக்கல், குழப்பம், கீழே விழும் அபாயத்தையும் கூட்டக்கூடியவை. அதனால் வறண்ட வாய் ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். ஆனால் மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பல் சிகிச்சைக்கு நீலம், ஆரஞ்சு நிற சாஸ் அட்டை வைத்திருப்போருக்கும் முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினருக்கும் சலுகை உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கான புராஜெக்ட் சில்வர் ஸ்க்ரீன் பரிசோதனையில் கண், காதுடன் வாய் நலமும் சோதிக்கப்படுகிறது.

இந்த வாரக் கடைசியில் பாட்டியையோ தாத்தாவையோ பார்க்கப் போனால், "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "தண்ணி குடிக்காம ஒரு பிஸ்கட்டை முழுங்க முடியுதா?" என்றும் கேளுங்கள். "முடியலப்பா" என்றால், அந்த மாத்திரைப் பையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.