சயனைடு சிதையும், உலோகம் சிதையாது

தங்கவயலின் சயனைடு மேடுகள் குறித்து வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல் ஒன்றுண்டு: சயனைடு வெயிலில் சிதைந்துவிடும். உண்மைதான். ஆனால், பொன்னுக்காக மாவாக அரைக்கப்பட்ட பாறையின் உலோகங்கள் எந்த வெயிலிலும் சிதைவதில்லை. இடம் மட்டுமே மாறுகின்றன. காற்றடி காலத்தில் ஆண்டர்சன்பேட்டை வீடுகளுக்குள். மழைக்காலத்தில் ஏரிச் சேற்றுக்குள்.

சேற்றில் சேர்ந்தபின் நேர்வதை எண்ணூர்க் கழிமுகம் காட்டுகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அங்கே மட்டி நீரை வடித்தும், புழு சேற்றை விழுங்கியும் வாழ்கின்றன. உட்சென்ற காட்மியமும் காரீயமும் எளிதில் வெளியேறா. நீரில் உள்ளதைவிடப் பன்மடங்காக உடலில் திரளும். மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பாதரசக் கொடுமை மீனவர் உண்கலத்தை அடைந்ததும் மீன், சிப்பி வழியேதான். நீரை மட்டும் சோதித்து 'வரம்புக்குள்' என்பது சேற்றின் கணக்கை மறைப்பதாகும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சிலிக்காத் தூசு தொழிலாளியின் நுரையீரலிலேயே தங்கிவிட்டது. 2024 ஜூனில் 13 மேடுகளை, ஏறத்தாழ 1,003 ஏக்கரில், மீண்டும் தோண்டக் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. பேச்செல்லாம் எஞ்சிய பொன்னைப் பற்றியே! தோண்டுமுன் மேட்டு மண்ணிலும் ஏரிச் சேற்றிலும் கிணற்று நீரிலும் உலோகங்களை அளந்து, முடிவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் நகரசபை வாயிலில் ஒட்ட வேண்டும்.